கடற்கரை வளவா, ஆற்றங்கரை வளவா?

களுதாவளையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்:

"அடுத்த ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். அம்மா வழியில் எனக்கு வந்த வளவு இரண்டு இருக்கிறது. ஒன்று கடற்கரைப் பக்கம், கடலிலிருந்து நானூறு மீற்றர் வரும், 20 பேர்ச், தென்னை நிற்கிற மணல் பூமி. மற்றது ஆற்றுப் பக்கம், 30 பேர்ச், முந்திப் பள்ளக்காணி, கிரவல் கொட்டி நிரப்பியது. கனடாவில் இருக்கிற தம்பி, 'அக்கா, இன்னும் முப்பது வருஷத்தில் கடல் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும், கடற்கரை வளவை விற்றுப்போட்டு ஆற்றுப் பக்கம் கட்டு' என்கிறான். ஒரு வரைபடமும் அனுப்பினான். அதில் மட்டக்களப்பே நீலமாகக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் வெல்லாவெளியில் வயல் செய்கிறார். மழை வந்தால் ஒரேயடியாக வருகிறது, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்கிறார். கடல் ஏறுவதும் மழை மாறுவதும் ஒரே காரணத்தாலா? எங்கே கட்டுவது? கிணற்றுத் தண்ணீரும் உவர்க்கத் தொடங்கியிருக்கிறது, அதுவும் இதனால்தானா?"

சகோதரி, முதலில் விற்பனைப் பேச்சை நிறுத்தி வையுங்கள். உங்கள் தம்பி கடலைப் பார்த்துப் பயப்படுகிறார். இரண்டு வளவில் நான் முதலில் சந்தேகப்படுவது ஆற்றுப் பக்கத்து வளவைத்தான். அதன் காரணத்தைச் சொல்ல, 'ஒரே காரணமா' என்று நீங்கள் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் மிக நல்ல கேள்வி அது.

ஆம், ஒரே காரணம்தான்: வெப்பம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் சேர்த்த காபனீரொட்சைட்டு பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் மறிக்கிறது. அப்படித் தங்குகிற மேலதிக வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போய்ச் சேர்கிறது. சூடேறிய நீர் விரிகிறது, அதனால் கடல் ஏறுகிறது. சூடேறிய கடல் கூடுதலாக ஆவியாகிறது, அதனால் மழை மாறுகிறது. மலைகளின் பனியும், கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா நிலத்தின் மேல் கிடக்கும் பனியும் உருகி வந்து சேர்வது மேலதிகம். கடலில் ஏற்கெனவே மிதக்கிற பனிப்பாறை உருகினால் மட்டம் ஏறாது, நிலத்தில் இருக்கிற பனிதான் கணக்கு. 1971 முதல் 2018 வரை ஏறிய கடலில் ஏறத்தாழ அரைவாசி, நீர் விரிந்ததால் மட்டும் வந்தது.

எவ்வளவு ஏறியிருக்கிறது? 1901க்கும் 2018க்கும் இடையில் உலகச் சராசரியாக 20 சென்ரிமீற்றர். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் வேகத்தைப் பாருங்கள்: 1971 வரை வருஷத்துக்கு 1.3 மில்லிமீற்றராக இருந்தது, 2006 முதல் 2018 வரை 3.7 மில்லிமீற்றராகியது. இனி என்ன என்பதற்கு ஐ.பி.சி.சி. என்ற உலக விஞ்ஞானிகள் குழு 2021இல் சொன்ன கணக்கு இருக்கிறது. 1995–2014 காலத்து மட்டத்தோடு ஒப்பிட்டால், 2050இல் 15 முதல் 30 சென்ரிமீற்றர் வரை. அதில் ஒரு பங்கு ஏற்கெனவே ஏறியாயிற்று. 2100இல், புகையை உலகம் வேகமாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்ரிமீற்றர், குறைக்காமல் கூட்டிக்கொண்டே போனால் 63 சென்ரிமீற்றரிலிருந்து ஒரு மீற்றர் வரை. பனிப்பாளங்கள் எதிர்பாராமல் சரிந்தால் இதற்கும் மேலே போகலாம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஆக, தம்பி சொன்ன முப்பது வருஷத்தில் உங்கள் தென்னை வளவைக் கடல் மூடாது. அவர் அனுப்பிய நீலப் படத்தை நான் பார்க்கவில்லை. இந்த மாதிரிப் படங்கள் பல, உலகின் பனி முழுவதும் உருகினால் என்ன ஆகும் என்று காட்டுபவை. அப்படி நடந்தால் 65 மீற்றருக்கு மேல் ஏறும், ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் வேண்டும். வேறு சில படங்கள் ஒரு உயரத்தைக் குறித்து, அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் நீலமாக்கிவிடும். அந்த நீர் எந்த வழியால் வரும், எத்தனை நாள் நிற்கும் என்பது அதில் இருக்காது. வீடு கட்டுகிறவருக்கு அவைதான் தேவை.

இதைச் சொல்லிவிட்டு 30 சென்ரிமீற்றர்தானே என்று உங்களைத் தேற்றப் போவதில்லை. எங்கள் கிழக்குக் கரைக்கு அது பெரிய அளவு. இங்கே கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. நாலைந்து மீற்றர் ஏறி இறங்குகிற கரைகளில் 30 சென்ரிமீற்றர் பெரிதாகத் தெரியாது. எங்கள் கரையோ சிறிய ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய கரை. கரைவலைக்காரர் தோணி ஏற்றி வைக்கிற இடம், முகத்துவார மணல் திட்டின் உயரம், தோணா என்கிற வடிகால் ஓடை வடிகிற மட்டம், எல்லாம் அந்தச் சின்ன அளவுக்குள் அமைந்தவை. வாடைக் காலத்தில் கிழக்குக் கரையில் கடல் வழமையாகவே சற்று உயர்ந்துதான் நிற்கும். வெள்ளம் வருகிற மாதங்களும் அவைதான்.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் விசித்திரமானது. கிறீன்லாந்து போன்ற பெரும் பனித்திணிவு தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் பிடி தளர்ந்து, கிறீன்லாந்துக்குப் பக்கத்தில் கடல் இறங்கி, தொலைவில் இருக்கிற வெப்பமண்டலக் கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். புகையில் எங்கள் பங்கு மிகக் குறைவு. நியாயம் கேட்க இயற்கையிடம் வழக்கு மன்றம் இல்லை.

சரி, வளவுக்கு வருவோம். உங்கள் ஊர் இருக்கிற எழுவான்கரை, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நாங்கள் ஆறு என்று சொல்கிற மட்டக்களப்பு வாவியுமாக நீண்டு கிடக்கிற மணல் பட்டி. கடல் பக்கம் அலையும் காற்றும் சேர்த்த மணல் மேடு இருக்கிறது. அங்கிருந்து ஆற்றுப் பக்கம் போகப் போக நிலம் தாழ்ந்துகொண்டு போகும். வீதியில் போகும்போது தெரியாது, மட்டம் பார்க்கிற கருவியை வைத்தால் தெரியும். கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. கடலைவிட எவ்வளவு உயரம் என்பதைத்தான் கேட்க வேண்டும். பல ஊர்களில் கடலுக்குக் கிட்ட உள்ள வளவு உயரமாகவும், 'பாதுகாப்பான' ஆற்றுப் பக்கத்து வளவு தாழ்வாகவும் இருக்கிறது. உங்கள் இரண்டும் அப்படித்தான் போலத் தெரிகிறது: ஒன்று தென்னை நிற்கிற மணல், மற்றது நிரப்பிய பள்ளம்.

வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பெய்கிற மழையும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் வான் பாய்ந்தால் வருகிற நீரும் அதற்குள்தான் வந்து விழுகின்றன. வெளியேற வழி இரண்டு: வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. கோடையில் இரண்டையும் மணல் மூடிக்கொள்ளும். மாரியில் வெள்ளம் உடைக்கும், அல்லது வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்பிடிக்கிறவர்களுக்கும் வருகிற இழுபறி உங்களுக்குத் தெரிந்ததுதான். வெட்டிய பிறகும் நீர் ஓட வேண்டுமானால் வாவி மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் வித்தியாசம் வேண்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், வாய்க்காலில் தண்ணீர் வயல் மட்டத்துக்கு நிற்கும்போது வரம்பில் நீர் வடிய வெட்டுகிற வக்கடையை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் வயல் வடியுமா என்று. முகத்துவாரமும் அப்படி ஒரு வக்கடைதான். வெளியே கடல் 20, 30 சென்ரிமீற்றர் ஏறி நின்றால், இரண்டு நாளில் வடிந்த வெள்ளம் நாலு நாள், ஐந்து நாள் நிற்கும். ஆற்றுப் பக்கத்து வீட்டுக்குக் கடல் ஏற்றத்தின் கெடுதி முதலில் இந்த வழியால் வரும், அலையாக வராது.

இந்த இடத்தில்தான் மழையும் வந்து சேர்கிறது. வளி ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் உலகம் முழுவதும் பெய்கிற மொத்த மழை அந்த அளவுக்குக் கூடாது. பாகைக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடும். ஏனென்றால் நீராவி மழையாக மாறும்போது விடுகிற வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்குத் தள்ளிவிட வேண்டும், அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெய்கிற நேரத்தில் மேகத்திடம் நிறைய இருக்கிறது, மொத்தத்தில் அவ்வளவு கூடவில்லை. அப்படியானால் நடுவில் பெய்யாத நாட்கள் நீள வேண்டும். 'வந்தால் ஒரேயடியாக, இல்லாவிட்டால் இல்லை' என்று உங்கள் வீட்டுக்காரர் வயல் வரம்பில் நின்று சொன்னது பௌதிகவியல் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

எங்கள் மாவட்டத்துக்கு வருஷத்துக்குக் கிடைக்கிற மழை 1,650 மில்லிமீற்றர் அளவில். அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுந்துவிடும், மார்கழிதான் உச்சம். இரண்டு அரைக்கோளத்துக் காற்றும் வந்து சந்திக்கிற மழைப் பட்டி ஒன்று பூமியின் நடுவைச் சுற்றி இருக்கிறது. வானொலி அறிக்கையில் ஒருங்கல் வலயம் என்பார்கள். அது சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகரும்போது இலங்கையை வருஷத்தில் இரண்டு தடவை கடக்கிறது. ஒக்டோபர், நவம்பர் இடிமழை அதிலிருந்தும் வங்கக்கடல் தாழமுக்கங்களிலிருந்தும் வருகிறது. பிறகு வடகீழ்ப் பருவக்காற்று. அந்தப் பட்டி சூடான கடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும். இந்து சமுத்திரத்தின் வெப்பமண்டலப் பகுதி 1951 முதல் 2015 வரை ஏறத்தாழ ஒரு பாகை சூடேறியிருக்கிறது. அப்படியான கடலின் மேல் உருவாகிற புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று சொல்ல முடியாது. ஆனால் வருகிற புயல் கொட்டுகிற மழை கூடும், கடுமையானவற்றின் பங்கும் கூடும். 2024 நவம்பர் இறுதியில் தாழமுக்கம் கரையோரமாகப் போனபோது காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்கள் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை அம்பாறைப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அடுத்த வருஷம் அதே நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது.

வருஷத்துக்கு வருஷம் மழை மாறுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வயலுக்கு அது மிக முக்கியம். பசிபிக் சமுத்திரத்தின் நடு, கிழக்குப் பகுதி வழமையைவிடச் சூடேறி நிற்கிற எல் நீனோ வருஷங்களில் எங்களுக்கு ஒக்டோபர்–டிசம்பர் மழை கூடியும், தை, மாசி மழை குறைந்தும் போகிற போக்கு இருக்கிறது. அந்தப் பகுதி குளிர்ந்து நிற்கிற லா நீனா வருஷத்தில் மறுபக்கம்: முன்மாரி பிந்தும், தையில் கொட்டும். 2011 ஜனவரி வெள்ளம் கடுமையான லா நீனாவின் நடுவில் வந்தது. கதிர் முற்றுகிற நேரத்தில் வயல் கடலாகியது நினைவிருக்கும். அதில் ஒரு அதிசயம் நடந்தது. அந்த லா நீனா காலத்தில் அவுஸ்திரேலியா, தென் அமெரிக்காவின் வடபகுதி, தென்கிழக்காசியா என்று நிலத்தின் மேல் அவ்வளவு மழை விழுந்து தங்கியதால், உலகக் கடல்மட்டமே கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர் தற்காலிகமாக இறங்கியது. செய்மதிகள் அதை அளந்தன. கடலும் மழையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நீர் நிலத்திலிருந்து வடிந்ததும் கடல் பழையபடி ஏறத் தொடங்கியது.

இனி, கடற்கரை வளவில் பயமே இல்லையா? இருக்கிறது. ஆனால் வேறு பயம். ஒலுவிலில், நிந்தவூரில் கரை அரித்துத் தென்னைகள் விழுந்த படங்களைப் பார்த்து, கடல் ஏறுகிறது என்று பலர் சொல்கிறார்கள். வருஷத்துக்கு நாலு மில்லிமீற்றர் ஏறுகிற கடல் ஒரு மாரியில் பத்து மீற்றர் கரையைத் தின்னாது. எங்கள் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் அந்த ஓட்டத்தைக் குறுக்கே மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை பட்டினி கிடந்தது, துறைமுக வாயும் மணலால் தூர்ந்தது. ஆற்று மணல் அள்ளுவதும், கல்லோயாவில் 1950களிலிருந்து நிற்கிற அணையும் கடலுக்குப் போகிற மணலைக் குறைத்திருக்கின்றன. கடல் ஏறுவது இந்தக் காயத்தைப் பெரிதாக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்று நடக்கிற அரிப்புக்குப் பெரும்பாலும் மனிதர் கட்டியதும் அள்ளியதும்தான் பொறுப்பு. காலநிலை மாற்றம் என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அதனால்தான் அந்தப் பதில் சிலருக்கு வசதியாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். உங்கள் கரையில் பத்து, இருபது வருஷத்தில் எவ்வளவு மணல் கூடியது, குறைந்தது என்று கரைவலைக்குத் தலைமை தாங்குகிற தண்டயல்மாரிடம் கேளுங்கள். கூகிள் ஏர்த்தில் பழைய வருஷங்களின் செய்மதிப் படமும் இருக்கிறது. மகளே அலைபேசியிலோ கணினியிலோ பார்த்துவிடுவார்.

சுனாமி காலநிலையோடு சம்பந்தமில்லாதது, ஆனாலும் வீட்டு விஷயத்தில் அதை ஒதுக்க முடியாது. 2004இல் அந்த வளவில் நீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது? இடுப்பளவுக்கு மேல் என்றால், கொங்கிறீற்றுத் தூண் நிறுத்தி, மேலே ஏறி நிற்க ஒரு தட்டும் வெளிப்படியும் வைத்துக் கட்டுங்கள். அதே தூண்கள் 78ஆம் ஆண்டுச் சூறாவளி மாதிரி ஒன்று வந்தால் கூரையைப் பிடித்துக்கொள்ளவும் உதவும், கூரை மரங்களைக் கம்பியால் தூணோடு கட்டியிருந்தால்.

என் முடிவை நேரே சொல்கிறேன். இரண்டு வளவுக்கும் மட்டம் எடுத்துப் பார்த்து, கடற்கரை வளவு உண்மையில் உயரமாக இருந்து, அந்த இடத்துக் கரை நிலையாகவும் இருந்தால், வீட்டை அங்கே கட்டுங்கள். ஆற்றுப் பக்கத்து 30 பேர்ச்சில் தென்னையோ தீவனப் புல்லோ வையுங்கள், ஆற்றோரம் கண்டல் இருந்தால் வெட்ட விடாதீர்கள். கட்டாயம் ஆற்றுப் பக்கம்தான் கட்ட வேண்டும் என்று வந்தால் இன்னும் கிரவல் கொட்டாதீர்கள். நீங்கள் நிரப்பினால் நீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர்கள் நிரப்பினால் உங்களுக்கு வரும். ஊர் ஊராக இந்தப் போட்டி நடந்து தோணாக்கள் பாதி மூடிப்போயின. தூண் எழுப்பி வீட்டுத் தளத்தை உயர்த்துங்கள், கீழே நீர் ஓட இடம் இருக்கட்டும். எவ்வளவு உயரம்? 2011இல் நீர் நின்ற அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள். 2024இல் அதற்கு மேல் நின்றிருந்தால் அதை எடுங்கள். அதற்கு மேல் கடல் ஏற்றத்துக்காக 30 சென்ரிமீற்றர், மழை கனப்பதற்காக இன்னொரு 30. அந்த வீட்டில் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள் என்ற எண்ணத்தில் இந்த அளவைச் சொல்கிறேன்.

மலசலகூடக் குழியையும் மறக்க வேண்டாம். தாழ்ந்த வளவில் நிலத்தடி நீர் ஏறினால் முதலில் வேலைநிறுத்தம் செய்வது அதுதான். கிணற்றுக்கும் குழிக்கும் 15 மீற்றராவது இடைவெளி இருக்கட்டும்.

கிணறு உவர்ப்பதற்கு வருகிறேன். களுதாவளை மணலுக்குக் கீழே இருப்பது மழைநீர். அது உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல நீர் இலேசானது, அதனால் கலக்காமல் நிற்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் நல்ல நீருக்கும் கீழே ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நல்ல நீர் இருக்கும். இறைத்து மேல்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 4 மீற்றர் வரை ஏறி வரப் பார்க்கும். கடல் ஏறுவதும் கோடை நீள்வதும் இதற்குத் துணைபோகும், ஆனால் இப்போதைக்கு உங்கள் கிணற்றின் முதல் எதிரி தோட்டங்களுக்கு மணிக்கணக்கில் ஓடுகிற மோட்டராகத்தான் இருக்க வேண்டும். ஒரு சோதனை: ஆவணி, புரட்டாதியில் உவர்த்து, மார்கழியில் சரியாகிவிட்டால் அது இறைப்பும் கோடையும் செய்கிற வேலை. தையிலும் உவர்ப்பு நின்றால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஒரு போத்தல் கொடுத்துப் பாருங்கள். ஆழக் குழாய்க்கிணறு அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீழே போகப் போக உவர்தான் வரும். ஆழமில்லாத கிணறு, சின்ன மோட்டர், கொஞ்ச நேரம் இறைத்து விட்டு விட்டு இறைப்பது, இவைதான் வழி. கூரை மழைநீரை வீதிக்கு விடாமல் வளவுக்குள்ளேயே மணலில் இறங்க விடுங்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் உவர்த்த கிணறுகளை மீட்டது பெரும்பாலும் பருவமழைதான். திரும்பத் திரும்ப இறைத்தது பெரிய பலன் தரவில்லை, அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உவர் மேலே வந்தது.

உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு வார்த்தை. பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போகுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறலைப் பார்க்கச் சொல்லுங்கள். இது எல் நீனோ வருஷமா, லா நீனா வருஷமா என்பது மட்டும் தெரிந்தாலே பாதிப் பயன். எல் நீனோ என்றால் கடைசித் தண்ணீர் குறையலாம், மூன்று மாத நெல்லான பி.ஜி. 300 போன்றது குளத்து நீரை மிச்சம் பிடிக்கும். லா நீனா என்றால் தையில் கதிரோடு வெள்ளத்தில் மாட்டாமல் இருக்க வழி பார்க்க வேண்டும். முழு வயலையும் ஒரே வயது நெல்லால் விதைத்துவிடாமல், மேட்டு வயலுக்கு ஒன்று, வாவியோரப் பள்ளத்துக்கு ஒன்று என்று பிரிப்பது நல்லது. ஒரே மழை இரண்டையும் ஒரே கட்டத்தில் பிடிக்காது. உவர் ஏறுகிற துண்டுக்கு உவர் தாங்குகிற ஏ.ரி. 354 இருக்கிறது, கமநல சேவை நிலையத்தில் விசாரிக்கட்டும். வட்டையில், அதாவது ஒரே வயல்வெளியில், எல்லோரும் ஒரு திகதிக்கு விதைக்கிற இடத்தில் தனியாக இதைச் செய்வது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். வட்டை விதானையோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். கடலோடு தொடுப்புள்ள வாவிகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்துகிறது, அதனால் 'ஆற்றுப் பக்கம்தானே, யார் கேட்பார்' என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் நானூறு மீற்றர் எங்கிருந்து அளந்தது, கால்நடையாகவா, நாடா பிடித்தா? உறுதியில் ஆற்றுப் பக்கத்துக் காணி 'நெற்காணி' என்று எழுதியிருந்தால், நிரப்பியதற்கே கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி கேட்பார்கள். இரண்டு உறுதியையும் எடுத்துக்கொண்டு முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய் விசாரியுங்கள். பிறகு ஒரு நில அளவையாளரைப் பிடித்து, இரண்டு வளவிலும் நாலு மூலையிலும் நடுவிலும் கடல்மட்டத்திலிருந்து உயரம் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலைதான். அந்தத் தாளைத் தம்பிக்கும் அனுப்புங்கள், எனக்கும் ஒரு பிரதி போடுங்கள். வெள்ளம் நின்ற அடையாளத்தையும் அதில் குறித்திருந்தால், வீட்டுத் தளம் எத்தனை அடி உயர வேண்டும் என்று எண்ணாகவே எழுதிவிடுகிறேன்.